உடம்பு முழுக்க ஒரு ஸ்கேன்... தேவைதானா?

"ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருங்கள். தலையிலிருந்து தொடை வரைக்கும் பார்த்துச் சொல்லிவிடுகிறோம். கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது, வலி கிடையாது. கேன்சர் எங்கேயாவது ஒளிந்திருந்தால், அறிகுறி தெரிவதற்கு முன்பே பிடித்துவிடலாம்!"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்குத்தான் ஆசை வராது? கேன்சர் என்ற பெயரைக் கேட்டாலே நமக்கெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கும். முந்தாநாள் வரை காய்கறிப் பையோடு நடமாடிக் கொண்டிருந்த மனிதரைப் பற்றி, "முத்திப் போச்சாம், இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம்" என்று செய்தி வராத தெரு எது? "ஆறு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்ற பேச்சு ஒவ்வொரு துக்க வீட்டிலும் கேட்கிறது. அந்தப் பேச்சின் மேல்தான் இந்த வியாபாரம் கட்டப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் இது சில வருடங்களாகவே பெரிய தொழில். பிரெனுவோ என்ற கம்பெனி முழு உடல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு 2,499 டாலர் என்று விலை வைத்தது. நம் கணக்கில் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல். 2023 ஆகஸ்டில் கிம் கர்தாஷியன் என்ற டி.வி. நட்சத்திரம் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட, விஷயம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்போது ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் போன் செய்கிறார்கள். "அப்பா, நீயும் அம்மாவும் போய் எடுத்துடுங்க. காசைப் பத்திக் கவலைப்படாதீங்க." பிள்ளைகளின் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஏழு கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு எப்படித்தான் நிம்மதி வரும்? இங்கேயும் பெரிய ஊர்களில் இந்த ஸ்கேனை 'மாஸ்டர் செக்கப்' மாதிரி விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சுற்றி வளைக்காமல் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத, பரம்பரையாகக் கேன்சர் வரும் குடும்பத்தில் பிறக்காத ஒருவருக்கு இந்த ஸ்கேன் வேண்டாம். காசு இருந்தாலும் வேண்டாம். மகன் அனுப்பினாலும் வேண்டாம். சும்மா எடுத்துத் தருகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம்!

"என்ன டாக்டர் இது, முன்னாடியே தெரிஞ்சுக்கறது தப்பா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மெஷின் என்ன பார்க்கிறது?

எம்.ஆர்.ஐ. அற்புதமான கருவி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதற்கு வழி கண்ட லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு 2003-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். வழக்கமாக ஆஸ்பத்திரிகளில் இருக்கும் 1.5 டெஸ்லா மெஷினின் காந்த சக்தி, பூமியின் காந்த சக்தியைப் போல ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு. நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களை இந்தக் காந்தம் ஒழுங்காக நிற்க வைக்கிறது. ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிவிட்டு, திரும்பி வரும் சமிக்ஞையை வைத்துப் படம் வரைகிறது. எக்ஸ்ரே இல்லை. கதிர்வீச்சு இல்லை என்று விளம்பரத்தில் சொல்வது உண்மைதான்.

கேன்சர் கட்டியில் செல்கள் நெருக்கியடித்துக் கொண்டு இருக்கும். தீபாவளிக்கு முதல் நாள் ரங்கநாதன் தெரு மாதிரி! அங்கே தண்ணீர் மூலக்கூறுகள் தாராளமாக நடமாட முடியாது. அந்த நெரிசலைப் பார்த்து மெஷின் அந்த இடத்தைப் பளிச்சென்று காட்டும். ஆனால் நெரிசல் கேன்சரில் மட்டும்தானா? சீழ் கட்டியிலும் உண்டு. சாதாரண நெறிகட்டியிலும் உண்டு. மண்ணீரல் எல்லோருக்குமே பளிச்சென்றுதான் தெரியும். பளிச்சிடுவதெல்லாம் கேன்சர் இல்லை. அதைப் படம் சொல்லாது. ஊசி போட்டு, சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று. மார்பகத்தை மட்டும், அல்லது புராஸ்டேட் சுரப்பியை மட்டும் ஒழுங்காக எம்.ஆர்.ஐ. எடுக்கவே அரை மணி, முக்கால் மணி ஆகும். உடம்பு முழுவதையும் ஒரு மணி நேரத்தில் முடிக்கிறார்கள் என்றால், ஒவ்வொரு உறுப்புக்கும் எத்தனை நிமிஷம் கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ் ரயில் ஜன்னலில் இருந்து ஊரைப் பார்த்த மாதிரிதான்.

ரிப்போர்ட்டில் வருவது

இனிதான் முக்கியமான விஷயம். நாற்பது வயதைத் தாண்டிய யாருடைய உடம்பிலும் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும். கிட்னியில் நீர்க்கட்டி, ஈரலில் ரத்தநாள முடிச்சு, தைராய்டில் சின்ன உருண்டை, கர்ப்பப்பையில் நார்க்கட்டி... பெரும்பாலானவை நம்மோடு பிறந்து, வளர்ந்து, நம்மோடு போகிறவை. முதுகெலும்பை எடுத்துக் கொள்ளுங்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை ஒன்றாக வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-ல் வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம்! எண்பது வயதில் 96 சதவீதம். தலை நரைக்கிற மாதிரிதான் அதுவும். ஆனால் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் தேய்மானம்' என்று படித்துவிட்டால், மறுநாளே முதுகு வலிக்க ஆரம்பிக்கிறதே, அதற்கு என்ன செய்ய?

நோய் அறிகுறி இல்லாத ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முழு உடல் எம்.ஆர்.ஐ.களை ஆராய்ந்த பன்னிரண்டு ஆய்வுகளை 2019-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, 'இது கவலைப்பட வேண்டியது', அல்லது 'இது என்ன என்று தெரியவில்லை, மேலே பார்க்க வேண்டும்' என்ற வகையில் ஏதோ ஒன்று வந்திருந்தது. இந்த மாதிரி ஆய்வுகளில் உண்மையிலேயே கேன்சர் என்று உறுதியாவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான். மற்றவர்கள்? அவர்கள்தான் இந்தக் கதையில் யாரும் பேசாத ஆட்கள்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் கொடுத்த பரிசு, இந்த முழு உடல் ஸ்கேன். நுரையீரலின் மேல்பக்கம் ஒரு சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு. "சந்தேகத்துக்குரியது, சி.டி. எடுத்துப் பார்க்கவும்" என்று ரிப்போர்ட். சி.டி. எடுத்தார்கள். அதிலும் முடிவு தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி சி.டி. அந்த மூன்று மாதமும் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. வீட்டு அம்மா குலதெய்வம் கோயிலுக்கு நேர்ந்து கொண்டார்கள். பேத்தியின் காதுகுத்தைத் தள்ளிப் போட்டார்கள். கடைசியில் ஊசி பயாப்சி. ஊசி போட்ட இடத்தில் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கிவிட, குழாய் போட்டு ஆறு நாள் ஆஸ்பத்திரி. பயாப்சி முடிவு? எப்போதோ வந்து, தானாகவே ஆறிப்போன பழைய டி.பி. தழும்பு!

யாரும் தப்பு செய்யவில்லை. ஸ்கேன் எடுத்தவர் கண்டதை எழுதினார். சி.டி. டாக்டர் ஜாக்கிரதையாக இருந்தார். பயாப்சி செய்தவர் கைதேர்ந்தவர். நுரையீரல் ஊசி பயாப்சியில் நூறு பேரில் சுமார் பதினைந்து பேருக்குக் காற்றுக் கசியும், ஆறேழு பேருக்குக் குழாய் போட வேண்டி வரும் என்று 2011-ல் அமெரிக்காவில் கணக்கெடுத்தே சொல்லியிருக்கிறார்கள். முதல் படியில் கால் வைத்தால் மற்ற படிகளும் தானாக வரும். நம் ஊரில் டி.பி. தழும்பு எத்தனை லட்சம் நுரையீரல்களில் இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அந்த மனிதர் இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? "நல்லவேளை டாக்டர், ஸ்கேன் எடுத்ததாலதான் கேன்சர் இல்லைன்னு தெரிஞ்சுது!" இதுதான் இந்த வியாபாரத்தின் பலம். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஸ்கேனுக்கு ஜெயம். ஒன்றும் இல்லை என்று வந்தால், நிம்மதி. ஏதோ இருக்கிறது என்று சொல்லி அலைக்கழித்து, பிறகு இல்லை என்று வந்தால், அதைவிடப் பெரிய நிம்மதி!

முன்னாடியே தெரிந்தால்?

சரி, அந்த ஒன்றிரண்டு பேரைப் பற்றிப் பேசுவோம். உண்மையிலேயே கேன்சர் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். அவர்கள் உயிர் பிழைத்தார்களே, அது போதாதா?

இங்கேதான் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. சென்னையில் இருந்து திருச்சிக்கு ஒரு ரயில். ஒருவர் செங்கல்பட்டில் ஏறுகிறார், இன்னொருவர் விழுப்புரத்தில். செங்கல்பட்டில் ஏறியவர் ரயிலில் கூடுதல் நேரம் இருந்தார், உண்மைதான். ஆனால் இரண்டு பேரும் திருச்சியில் இறங்கியது ஒரே நேரத்தில். கேன்சரும் அப்படித்தான். எழுபது வயதில் இறக்கப் போகும் ஒருவருக்கு 67 வயதில் நோய் தெரிந்தால் மூன்று வருடம் வாழ்ந்தார் என்பார்கள். அதே மனிதருக்கு 62-லேயே ஸ்கேனில் தெரிந்திருந்தால் எட்டு வருடம் வாழ்ந்தார், 'ஐந்து வருடம் தாண்டிவிட்டார், வெற்றி!' என்பார்கள். ஆனால் ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை. கூடியது, நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த ஐந்து வருடம்.

கேன்சர் என்ற ஒரே பெயரில் பல ரகம் இருக்கிறது. ஒரு ரகம் நடுராத்திரியில் கத்தியோடு வருகிற கொள்ளைக்காரன். போன மாதம் ஸ்கேன் எடுத்தபோது இருந்திருக்க மாட்டான், அடுத்த ஸ்கேனுக்குள் வேலையை முடித்துவிடுவான். இன்னொரு ரகம் திண்ணையில் வந்து உட்காருகிற வழிப்போக்கன். ஆயுசு முழுக்கத் திண்ணையிலேயே இருப்பான், வீட்டுக்குள் காலே வைக்க மாட்டான். மூன்றாவது, மெதுவாகச் சுவரில் கன்னம் வைக்கிறவன். இவனைத்தான் நாம் பிடிக்க வேண்டும். ஸ்கேன் அதிகமாகப் பிடித்துக் கொடுப்பது யாரை? வருடக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கும் திண்ணைக்காரனைத்தான். டார்ச் அடிக்கும்போது இருப்பவன் அவன்தானே! ஆனால் கேன்சர் என்று பெயர் வைத்துவிட்டால் எந்த டாக்டரால், எந்தக் குடும்பத்தால் சும்மா இருக்க முடியும்? ஆபரேஷன்தான்.

இது என் கற்பனை இல்லை. ஒரு தேசமே இதை அனுபவித்திருக்கிறது. தென் கொரியாவில் 1999-ல் அரசாங்கம் கேன்சர் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் தைராய்டு கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள், "வந்ததுதான் வந்தீங்க, முப்பது, ஐம்பது டாலர் கூடக் குடுத்தா கழுத்தையும் ஒரு அல்ட்ராசவுண்டு பார்த்துடலாம்" என்றார்கள். ஜனங்களும் சரி என்றார்கள். என்ன ஆயிற்று? 2011-ல் தைராய்டு கேன்சர் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993-ல் இருந்ததைப் போல பதினைந்து மடங்கு! அந்த ஒரு வருடத்தில் மட்டும் நாற்பதாயிரம் பேருக்கு மேல். தைராய்டு கேன்சரால் இறந்தவர்களோ முன்பும் வருடத்துக்கு முன்னூறு, நானூறு பேர், அப்போதும் முன்னூறு, நானூறு பேர். சாவு குறையவே இல்லை.

கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கழுத்தில் கத்தி வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு ஆயுசுக்கும் தினமும் மாத்திரை. ஆபரேஷன் செய்து கொண்டவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்குக் கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு சுரப்பி பாதிப்பு. இரண்டு பேருக்குக் குரல் நரம்பு பாதிப்பு. பேசிப் பிழைக்கிற ஒரு டீச்சருக்குக் குரல் போனால் என்ன கதி? 2014-ல் கொரிய டாக்டர்களே ஒன்றுசேர்ந்து, "தேவையில்லாமல் கழுத்து ஸ்கேன் வேண்டாம்" என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். ஒரே வருடத்தில் தைராய்டு ஆபரேஷன்கள் 35 சதவீதம் குறைந்தன. டாக்டர்களே தங்கள் தொழிலுக்கு எதிராகப் பேசியதை நான் மனசாரப் பாராட்டுகிறேன்.

ஒரு சின்னக் கழுத்துக்கே இந்தப் பாடு. உடம்பு முழுக்க டார்ச் அடித்தால்?

"அது தைராய்டு, சாதுவான கேன்சர். பொல்லாத கேன்சரை முன்னாடியே பிடிச்சா நல்லதுதானே" என்று கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு வருடா வருடம் சினைப்பை கேன்சருக்காக சி.ஏ.125 ரத்தப் பரிசோதனையும், இன்னொரு பகுதியினருக்கு ஸ்கேனும் செய்து, எதுவும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டார்கள். பதினாறு வருடத்துக்கு மேல் கவனித்து 2021-ல் முடிவு வந்தது. ரத்தப் பரிசோதனை செய்து கொண்டவர்களில் ஆரம்ப நிலையிலேயே நோய் தெரிந்தவர்கள் கூடினார்கள். ஆனால் சினைப்பை கேன்சரால் இறந்தவர்கள் குறையவில்லை! முன்னாடியே பிடித்தும் பலன் இல்லை. அந்த டாக்டர்களுக்கே அது பெரிய ஏமாற்றம். (நம் ஊர் செக்கப் பேக்கேஜ்களில் இந்த சி.ஏ.125-ஐ இன்னும் சேர்த்து விற்கிறார்கள். மாதவிலக்கு சமயத்திலும், வயிற்று டி.பி.யிலும்கூட அது ஏறும். தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.)

முழு உடல் எம்.ஆர்.ஐ.க்கு இப்படி வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து, 'இதனால் சாவு குறைந்தது' என்று காட்டிய ஆய்வு ஒன்றுகூட இல்லை. ஸ்கேன் டாக்டர்களின் சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜியே 2023 ஏப்ரலில், அறிகுறியும் குடும்பப் பின்னணியும் இல்லாதவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டது. யார் சொல்வது, பாருங்கள். ஸ்கேன் எடுத்தால் வருமானம் வரக்கூடியவர்கள்!

மெஷினுக்குத் தெரியாதவை

இதைவிட எனக்குக் கோபம் வரும் விஷயம் வேறு. 2022 கணக்குப்படி இந்தியாவில் ஒரு வருடத்தில் புதிதாகக் கேன்சர் வந்தவர்கள் சுமார் 14 லட்சம். முதல் இடத்தில் மார்பகம், சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேர். அடுத்தது வாய், 1 லட்சத்து 43 ஆயிரம். அதற்கடுத்து கர்ப்பப்பை வாய், 1 லட்சத்து 27 ஆயிரம்.

கன்னத்தின் உட்புறம் இருக்கும் வெள்ளைத் திட்டு எம்.ஆர்.ஐ.யில் தெரியாது. கர்ப்பப்பை வாயில் கேன்சராக மாறுவதற்கு முந்தைய மாற்றம் தெரியாது. மார்பகத்துக்கென்று மருந்து செலுத்தித் தனியாக எடுத்தால்தான் எம்.ஆர்.ஐ. திறமையாக வேலை செய்யும், ஓட்டமாக ஓடும் இந்த ஸ்கேனில் ஆரம்பக் கட்டி தப்பிவிடலாம். பெருங்குடலில் இருக்கும் சின்னச் சதை வளர்ச்சியும் அப்படியே. ஆக, நம் ஜனங்களை அதிகமாகக் கொல்லுகிற கேன்சர்கள் எவையோ, அவற்றின் ஆரம்பத்தைப் பிடிப்பதில்தான் இந்த மெஷின் சுமார்!

ஆனால் கையில் 'நார்மல்' ரிப்போர்ட் இருக்கிறதே? அதுதான் ஆபத்து. மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. "மூணு மாசம் முன்னாடிதானே உடம்பு முழுக்க எடுத்தோம், ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே" என்று அந்த அம்மா பேசாமல் இருந்துவிட்டால்? மலத்தில் ரத்தம் வருகிறது. மூலமாகத்தான் இருக்கும் என்று நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லிக் கொள்ளும் சமாதானத்தோடு இந்த ரிப்போர்ட்டும் சேர்ந்து கொண்டால்?

யாருக்குத் தேவை?

சிலருக்கு இந்த ஸ்கேன் கட்டாயம் தேவை. அதையும் சொல்லியாக வேண்டும். லி-ஃபிராமெனி என்றொரு பரம்பரைக் கோளாறு உண்டு. கேன்சரைத் தடுக்கும் டி.பி.53 என்ற மரபணுவே பழுதாகிப் பிறக்கிறவர்கள். குழந்தையிலேயே, இளம் வயதிலேயே, உடம்பில் எங்கே வேண்டுமானாலும் கேன்சர் வரும். எக்ஸ்ரே, சி.டி. கதிர்வீச்சை அவர்களிடம் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். டொரன்டோ டாக்டர்கள் இவர்களுக்கென்று வகுத்த கண்காணிப்பு முறையில் வருடத்துக்கு ஒருமுறை முழு உடல் எம்.ஆர்.ஐ. உண்டு. அது மிகவும் நியாயமானது. மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைக் கேன்சரில், எந்தெந்த எலும்பில் நோய் இருக்கிறது என்று பார்க்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஐம்பது வயதுக்கு முன்பே கேன்சர் வந்திருக்கிறதா? அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகம், அக்காவுக்குச் சினைப்பை என்ற மாதிரி? அப்படியானால் ஸ்கேன் மையத்துக்குப் போகாதீர்கள். கேன்சர் டாக்டரிடம் போய், மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். தேவைப்பட்டால் எந்த உறுப்புக்கு, எந்த வயதில், எந்த ஸ்கேன் என்று அவர் சொல்வார்.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் பதற வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி ராத்தூக்கத்தைக் கெடுத்துக் கொள்ளாமல், ரிப்போர்ட்டைக் குடும்ப டாக்டரிடம் காட்டுங்கள். பழைய ஸ்கேன், பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். ஐந்து வருடத்துக்கு முன்பும் அதே இடத்தில், அதே அளவில் இருந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. "உடனே எடுத்தாகணும்" என்று யாராவது அவசரப்படுத்தினால், "மூணு மாசம் பொறுத்துப் பார்த்தா என்ன ஆகும் டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக் கொள்ள மாட்டார்.

டார்ச்சும் வினிகரும்

கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் ஒரு வேலை ஆரம்பித்தார்கள். டாக்டர்கூட இல்லை, பயிற்சி கொடுத்த பட்டதாரிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போனார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அவ்வளவுதான்! 2005-ல் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய் கேன்சர் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது.

நம் திண்டுக்கல் மாவட்டம் இன்னும் ஒரு படி மேல். 2000-ல் தொடங்கி, 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்கு நர்ஸுகள் கர்ப்பப்பை வாயில் வினிகரைத் தடவிப் பார்த்தார்கள். ஊறுகாய்க்கு ஊற்றுகிற அதே வினிகர் அமிலம்தான், நீர்த்தது. கெட்ட செல்கள் இருந்தால் ஒரு நிமிஷத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் மேல் சோதனை, சிகிச்சை. ஏழு வருடத்தில் கர்ப்பப்பை வாய் கேன்சர் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்தன. உலகம் முழுக்க டாக்டர்கள் படிக்கிற லான்செட் பத்திரிகையில் 2007-ல் திண்டுக்கல் பெயர் வந்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கிம் கர்தாஷியனைத் தெரிகிறது!

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் 1998-ல் தொடங்கி இருபது வருடம் கவனித்தார்கள். பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் மார்பகக் கேன்சர் சாவு சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை என்றும் ஒளிக்காமல் 2021-ல் எழுதினார்கள்.

லட்சங்கள் செலவாகும் மெஷினால் இன்றுவரை நிரூபிக்க முடியாததை டார்ச்சும், வினிகரும், விரல் நுனியும் நிரூபித்துவிட்டன. ஆனால் இவற்றுக்கு நாம் போவதில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்து கொண்டவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மற்ற மாநிலங்களைவிட நிலைமை நன்றாக இருக்கும் தமிழ்நாட்டிலேயே பத்துப் பேர்தான். கூச்சம் ஒரு காரணம். "நமக்கெல்லாம் எதுக்கு" என்ற நினைப்பு இன்னொன்று. படித்த, வசதியான வீடுகளிலும் இதே கதைதான். அரசு இடம் என்றால் அது மற்றவர்களுக்கு, நமக்கில்லை என்று ஒரு எண்ணம்.

அமெரிக்காவில் இருந்து மகன் பணம் அனுப்பத் தயாராக இருந்தால், அதில் ஒரு சிறு பகுதியே போதும். வீட்டு அம்மா முப்பதைத் தாண்டியிருந்தால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. வசதி இருப்பவர்கள் தனியாரிடம் ஹெச்.பி.வி. பரிசோதனையே செய்து கொள்ளலாம். முப்பத்தைந்தில் ஒன்று, நாற்பத்தைந்தில் ஒன்று எடுத்தாலே பெரும் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐம்பதைத் தாண்டியிருந்தால் மார்பகப் பரிசோதனை, டாக்டர் சொன்னால் மேமோகிராம். பேத்திக்கு ஒன்பதில் இருந்து பதினான்கு வயதுக்குள் என்றால் ஹெச்.பி.வி. தடுப்பூசி. ஐயா புகையிலை போடுகிறவரா, சிகரெட் பிடிக்கிறவரா? பல் டாக்டரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டட்டும். "நான் புகையிலை தொடறதில்லை டாக்டர், வெறும் பாக்குதான்" என்கிற பாட்டிமார்களும் கூடவே போகட்டும். புகையிலை சேராத வெறும் பாக்கே கேன்சரை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கேன்சர் ஆராய்ச்சிப் பிரிவு 2004-லேயே பிரசுரித்துவிட்டது.

கர்ப்பப்பை வாய், மார்பகம் இரண்டையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இலவசமாகவே பார்க்கிறார்கள். மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்து, காலை நேரத்தில் போங்கள். செவிலியரிடம் கேட்டால் அவரே அழைத்துப் போவார். பத்து நிமிஷ வேலை. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக் கொண்டு போங்கள், அவருக்கும் எடுத்தது போல ஆயிற்று.